ஸ்டூலும் வாடையும்

யாரையும் சட்டென்று நம்புவது எனக்கு வராது. பால்காரர் ஊற்றிய பாலை ஒரு சொட்டு நகத்தில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பேன். பேருந்தில் நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் சீட்டில் ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதா என்று படிப்பேன். "உனக்குச் சென்சார் எதுக்கு? உன் மூக்கே போதும்" என்பார் என் வீட்டுக்காரர். நான் பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். ரைஸ்மில்லில் மூட்டையைத் தராசில் ஏற்றும்போது எடைபோடுகிறவர் சிரித்துப் பேசினால் அப்பா இன்னும் ஒரு எட்டு கிட்டே போய் முள்ளைப் பார்ப்பார். அந்தப் புத்திதான் எனக்கும் வந்திருக்கிறது. வேதியியல் படித்தது அதற்குக் கூடுதல் வசதி.

எனக்குக் கிடைத்த வேலையும் சந்தேகப்படுகிற வேலைதான். கடலூர்த் துறைமுகத்திலிருந்து படகில் கொஞ்ச தூரம் போய், கடலின் அடித்தரையில் ஒரு கருவியை இறக்கி வைக்க வேண்டும். எஃகுச் சட்டம், நாலு கால், மேலே ஒரு வட்டத் தகடு. தகட்டுக்குக் கீழே விரல் பருமனில் சென்சார்கள் தொங்கும். ஒன்று தண்ணீரில் கரைந்த அம்மோனியாவைப் பார்க்கும், ஒன்று அழுகிய முட்டை நாற்றம் தருகிற சல்பைடை, ஒன்று ஆக்சிஜனை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலே இழுத்து, அது சேர்த்து வைத்திருப்பதைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, துடைத்து மறுபடியும் கீழே விடுவோம். இருக்கிற இடம் தெரிய ஒரு ஆரஞ்சு நிற மிதவை.

முதல் நாள் துறைமுகத்தில் இதைச் சென்சார் என்று சொன்னபோது, வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சினிமாவுக்குத்தானே சென்சார், கடலுக்கு எதற்கு என்று கேட்டார்கள். எங்களுக்குப் படகு ஓட்ட ஒப்புக்கொண்டவர் மட்டும் கருவியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஸ்டூலு மாதிரி இருக்குது" என்றார். அன்றிலிருந்து அது ஸ்டூல்தான். எங்கள் திட்டத்தின் தலைவரான சாரும், டெல்லியில் பேசும்போது என்னவோ பெரிய பெயர் சொல்வார், எங்களிடம் ஸ்டூல் என்றே சொல்வார்.

அந்தப் படகுக்காரரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்துக்காரர். அவர் மனைவி, அந்த ஊர்ப் பெண்கள் பலரைப் போல, காலையில் மீனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி சிதம்பரத்துக்கு வந்து தெருத்தெருவாக விற்பவர். படகுக்காரர் சொல்லித்தான் எங்கள் தெருவுக்கும் வர ஆரம்பித்து, எங்களுக்கு மீன்கார அக்கா ஆனார். என் மகளுக்கென்று நெத்திலியை ஒதுக்கி எடுத்து வருவார். நாலைந்து வீடுகள் அவரிடமே வாடிக்கையாகிவிட்டன.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஸ்டூல் விசித்திரமாகப் பேச ஆரம்பித்தது. பல நாட்கள் சாதாரணமாக இருக்கும். திடீரென்று ஒரு நாள் அம்மோனியா ஏறும், சல்பைடு ஏறும், ஆக்சிஜன் படுத்துவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். முதலில் நான் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கி வந்து, சென்சாரில் சிப்பிபோல ஒட்டி வளர்ந்திருந்த கொட்டலசைச் சுரண்டி எடுத்து, தெரிந்த அளவில் கலந்த கரைசல்களில் ஒவ்வொன்றாக முக்கிப் பார்த்தேன். சரியாகவே சொன்னது. பிறகு எனக்கு உதவிக்கு இருந்தவரைச் சந்தேகப்பட்டு, அவர் துடைத்ததை நானே மறுபடி துடைத்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஸ்டூல் அப்போதும் அதையேதான் சொன்னது.

மிச்சம் இருந்தது வடக்கு. ஸ்டூல் வைத்த இடத்துக்கு வடக்கே கரையோரம் கம்பெனிகள் இருக்கின்றன, கடலுக்குள் போகும் குழாய்கள் இருக்கின்றன. எது யாருடையது, எதில் எப்போது என்ன வருகிறது என்பது ஸ்டூலுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்ததுபோல் இருந்தது. எவனோ நாள் பார்த்துத் திறந்துவிடுகிறான் என்று சாரிடம் சொன்னேன்.

சார் தலையாட்டினார். "கருவி மட்டும் சொன்னா பத்தாது. கருவி கெட்டுப்போச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. கடலுக்குப் போற ஆள் ஒருத்தர் சொல்லணும். உங்க படகுக்காரரைக் கேளுங்க" என்றார்.

அடுத்த முறை துறைமுகத்துக்குப் போனபோது, படகு கட்டிய இடத்தில் நின்று, போனில் பதிவை ஓடவிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, கடல்ல வாடை வருதா?"

"வருமே மேடம். ஐப்பசி பொறந்தா வர ஆரம்பிச்சிடும்."

"தெனமும் வருமா?"

"சில நாளு லேசா இருக்கும். சில நாளு ஜாஸ்தி ஆயிடும். படகுல நிக்க முடியாது."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது என்னா மேடம் கேள்வி? வடக்கால இருந்துதான் வரும்."

போனை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். "அன்னைக்கெல்லாம் மீன் கெடைக்குதா?"

"வாடையில வல வுட்டா வேஸ்ட்டு. மீன்பாடு சுமார்தான்."

"ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலியா?"

"தலவலி வரும். சளி புடிக்கும். துணியக் கட்டிக்கினு போவோம். பழகிப் போச்சி."

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிழைப்புக்குப் போகிற மனிதர்கள். வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் பதிவைக் கேட்டுவிட்டு மேசையில் தட்டினார். அவரும் என்னைப் போலக் கடல் இல்லாத ஊர்க்காரர். கடலூரில் ஒரு கூட்டத்தில் ஸ்டூல் சொன்னதையும் படகுக்காரர் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் பேசினார். கூட்டத்துக்குப் பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள்.

மறுநாள் எல்லார் போனிலும் அது சுற்றியது. கடலில் துர்நாற்றம் வீசுகிறதாம், மீனவரே ஒப்புக்கொண்டாராம், ஊர்ப் பெயர் முதற்கொண்டு போட்டிருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இப்போது ஊருக்கு வாய் போதாதென்று போனும் இருக்கிறது. அந்த ஊர் மீன் என்றாலே சிதம்பரத்தில் முகம் சுளித்தார்கள். எங்கள் தெருவில் மீன்கார அக்கா கூவிக்கொண்டு வந்தபோது, எதிர்வீட்டுப் பெண், கூடையைத் திறக்கச் சொல்லிக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா என் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஊரில் இல்லை என்று வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னேன்.

படகுக்காரர் போன் செய்தார்.

"நான் எப்ப மேடம் கடலு நாறுதுன்னு சொன்னேன்?"

"சொன்னீங்களே அண்ணே. வடக்கேருந்து வருதுன்னு, தலவலி வருதுன்னு. பதிவே இருக்கு."

"வாடை வருதுன்னு சொன்னேன். நாத்தம்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான அண்ணே."

"அது எப்பிடி மேடம் ஒண்ணாவும்?"

போனை வைத்துவிட்டார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, அதாவது விளங்கியதாக நினைத்தேன். ஆளைப் பிடித்துவிட்டார்கள். வாடை என்று சொன்னேன், நாற்றம் என்று சொல்லவில்லை என்கிற இந்த வக்கீல் பேச்சு அவருக்குச் சொந்தமானதாக இருக்க முடியாது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஏற்றாற்போல அடுத்த முறை மீன்கார அக்கா வந்தபோது பழைய கூடை இல்லை, புதிதாக ஒரு ஐஸ் பெட்டி. மூடியில் ஒரு கம்பெனி ஸ்டிக்கர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெருப்பில்லாமல் புகையுமா என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐஸ் பெட்டிலயா புகையுது?" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் அந்த ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருக்கிறது. ஊர் மீனுக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தவர் படகு கடலில் இறங்கக் கூடாது, அவரைப் பேசவைத்த மேடமே வந்து ஊர் முன்னால் சொன்னால்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே பஞ்சாயத்து சொன்னால் சொன்னதுதான். படகு இறங்காவிட்டால் அவருக்கு வேறு தொழில் கிடையாது. இதையும் அவர்தான் போனில் சொன்னார், குரலில் கோபம்கூட இல்லாமல். வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஆளை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும் என்று கிளம்பினேன்.

கடலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது, வானம் மூட்டமாக இருந்தது. கட்டிய படகின் மேல் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் சுற்றிவளைக்கவில்லை.

"ஐஸ் பெட்டி யார் குடுத்தாங்க அண்ணே?"

"கம்பெனிக்காரங்க. ஊருல எல்லா வூட்டுக்கும் குடுத்தாங்க, ஆடியில. கூடைய மோந்து பாக்குறாங்கன்னு இப்பதான் எடுத்தா. ஏன் மேடம்?"

"அவுங்க சொல்லித்தான இப்ப மாத்திப் பேசுறீங்க?"

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு எழுந்து கையை நீட்டினார். "ஷாலப் புடிங்க மேடம். வாடை தூக்கினு போயிடப் போவுது."

என் துப்பட்டா தோளைவிட்டுக் கிளம்பித் தெற்குப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடித்தேன். பிடித்தபடியே மூக்கை உறிஞ்சினேன், டீசலும் கருவாடும்தான் அடித்தன. துப்பட்டாவை எந்த நாற்றமும் தூக்கிக்கொண்டு போகாது என்று புரிய எனக்கு அத்தனை நேரம் ஆயிற்று.

"வாடைன்னா காத்தாண்ணே?"

"காத்துதான். வடக்கால இருந்து வர்ற காத்து. தண்ணியும் கூட சேந்து தெக்க இழுக்கும்." பிறகு கேட்டார், "நீங்க வேற எத நெனைச்சிக் கேட்டீங்க?"

"நாத்தத்த."

"நாத்தத்துக்கு வாடைன்னு சொல்வீங்களா?"

"எங்க பக்கம் அப்பிடித்தான். மீன் வாடை, சாக்கடை வாடை."

"அது நாங்களுஞ் சொல்லுவோம்தான்" என்று அவர் தலையைச் சொறிந்தார். "கடல்ல வச்சிக் கேட்டா வேற எத நெனைப்பேன்?" துணியைக் கட்டிக்கொள்வது காதில் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் வாடைக்காற்று என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள்தான் நானும். இரண்டு பேரும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. படகு கரையில் கட்டிக்கிடந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

சாருக்குப் போன் செய்து சொன்னேன். "இது நமக்கு இன்னும் நல்லதாச்சே. நீரோட்டம் வடக்கேருந்து வர்ற நாளா பாத்துத்தான் ஸ்டூல் ஏறுது, அப்ப சரக்கு வடக்கேருந்துதான் வருது" என்றார். அது சரிதான். எவனும் நாள் பார்த்துத் திறக்கவில்லை. தினமும் வருகிறது, வாடை அடிக்கிற நாளில் எங்கள் பக்கம் வருகிறது, மற்ற நாளில் வேறு பக்கம் போகிறது. பத்திரிகைக்குத் திருத்தம் சொல்லலாமா என்றேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

அன்றே படகுக்காரரோடு அவர் ஊருக்குப் போனேன். அம்மன் கோயில் முன்னால் பந்தலுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றார்கள், மீன்கார அக்காவும் நின்றார். அவர் காற்றைச் சொன்னார், நான் நாற்றம் என்று எடுத்துக்கொண்டேன், அவர் ஊர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை என்றேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை.

"அப்ப கடல்ல ஒண்ணும் இல்லல்ல மேடம்? அத ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்க. இவுங்க போன்ல எடுத்துப் போட்டுடுவாங்க."

இரண்டு மூன்று போன்கள் ஏற்கனவே என்னைப் பார்த்து உயர்ந்திருந்தன. அவர்கள் என்னைக் கூப்பிட்டது இதற்குத்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தாலும் என்ன, அவர்கள் பிழைப்பு அது.

"வாடைன்னா காத்து. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். "ஸ்டூலு சொல்றத நான் மாத்திச் சொல்ல முடியாது."

முணுமுணுப்பு எழுந்தது. பெரியவர் கையைக் காட்டி அடக்கினார். படகுக்காரர் மேல் தப்பில்லை, அவர் கடலுக்குப் போகலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார். என்னை யாரும் டீ குடிக்கச் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தம்வரை படகுக்காரர் கூட வந்தார். பாதி வழியில் கேட்டார். "வாடையில வர்றது என்னா மேடம், நெசமா?"

சொன்னேன். அம்மோனியா, சல்பைடு, மூச்சுக் குறைந்த தண்ணீர்.

"மீனுக்குள்ள ஏறுமா?"

"இதுங்க ஏறாதுண்ணே. கூட வேற என்னென்ன வருதுன்னு தெரியல. ஸ்டூலு தண்ணியத்தான் பாக்கும், அதுவும் மூணு நாலு சரக்கத்தான் பாக்கும். மீனப் பாக்காது."

பஸ் நிறுத்தம் வந்ததும் அவர் நின்றார். "எங்க வூட்ல கேட்டாங்கன்னா இப்பிடித் தெரியலன்னு சொல்லாதீங்க மேடம். ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க. அவதான் தல மேல தூக்கினு போயி விக்கணும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மீன்கார அக்கா எங்கள் தெருவுக்கு வந்து நேராக என் வாசலில் பெட்டியை இறக்கினார். ஊர் முன்னால் நான் பேசியதில் அவருக்குச் சந்தோஷம். எதிர்வீட்டுப் பெண்ணும் பக்கத்து வீட்டு ஆட்களும் வெளியே வந்தார்கள். யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க வாங்குனா நாங்களும் வாங்குறோம்க்கா" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "நீங்கதான கடல டெஸ்ட் பண்றவங்க."

பாலை நகத்தில் விட்டுப் பார்க்கிற என்னைப் பார்த்து ஒரு தெருவே இப்படிச் சொன்னது. சங்கரா இரண்டு கிலோ போடச் சொன்னேன். அதற்குப் பிறகு பெட்டி காலியாக ரொம்ப நேரம் ஆகவில்லை. மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நெத்திலியையும் அக்கா என் பாத்திரத்தில் கொட்டினார்.

குழம்பு வைத்தேன், வறுத்தேன். நானும் வீட்டுக்காரரும் சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது. மகளுக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்தேன். ஏன் என்று கேட்டாள், தொண்டையில் முள் குத்தும் என்றேன். அவளுக்கு எட்டு வயது, மூன்று வயதிலிருந்து மீன் தின்கிறவள். இதை இன்றைக்கும் நான் தப்பென்று நினைக்கவில்லை. தெரியாத ஒன்றை நான் தின்னலாம், பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது?

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் ஒரு தட்டில் வறுத்த நெத்திலியோடு உள்ளே வந்தாள், உங்க பொண்ணுக்குப் பிடிக்குமே என்று சொல்லிக்கொண்டே. என் தட்டைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தராசு முள்ளைப் பார்க்கும்போது அப்பாவின் முகம் அப்படித்தான் இருக்கும். கொண்டுவந்த தட்டை வைக்காமல், அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுபடி மீன்கார அக்கா வந்த அன்று தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கூவிக்கொண்டே கடைசி வீடுவரை போய்த் திரும்பி வந்தார். என் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, மூடியைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பாத்திரத்தோடு வெளியே போனேன்.

"ஒங்க பொண்ணுக்கு முட்ட போட்டீங்களாமே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. "போடுங்கம்மா, அது ஒங்க புள்ள. எங்க வூட்ல விக்காத மீனத்தான் தெனமும் கொழம்பு வைக்கிறேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. அதுங்களுக்கு நான் போடலாமா, வேணாமா? அத மட்டும் எங்கிட்ட சொல்லுங்க."

"தெரியலக்கா" என்றேன்.

அவர் பெட்டி மூடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தார். நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.